லைப்சிக் சர்ச்சுகள்ல பத்து நாள்

இது மருத்துவப் பதிவு இல்லை. டெங்கு பத்தி எழுதுறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன், அது அடுத்து வரும். இது கொஞ்சம் நீளமான த்ரெட். சர்ச்ல பாடுற பாட்டு, ஆர்கன், அப்புறம் எங்க அப்பா. நேரம் இருக்கறப்ப படிங்க.

போன நவம்பர்ல பத்து நாள் ஈ.எல். கிடைச்சுது. வெளிநாடு போக என்.ஓ.சி. வாங்கின கதையைத் தனி த்ரெட்டாவே எழுதலாம், இப்ப வேண்டாம். அக்கா ஜெர்மனியில லைப்சிக்ங்கிற ஊர்ல ஐ.சி.யூ. நர்ஸ். போய் ஏழு வருஷம் ஆச்சு. 2021 மே மாசம் அப்பா கோவிட்ல போனப்போ அவளால வர முடியல. விமானமும் இல்லை, அவ வார்டிலயும் ஆள் இல்லை. வீடியோ கால்ல பார்த்தா. அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுறோம். அம்மாவோட சுகர், மளிகை, அவ மாமியார் எல்லாம் பேசுவோம். அந்த நாளைப் பத்தி மட்டும் நாங்க ரெண்டு பேரும் பேசினதே இல்லை.

ஏர்போர்ட்ல இருந்து வர்ற வழியிலயே, "ஊர் சுத்திக் காட்டணும்னு எதிர்பார்க்காத. நவம்பர்ல இங்க பார்க்க ஒண்ணுமில்ல, நாலு மணிக்கே இருட்டிடும். கேட்கத்தான் இருக்கு"ன்னு சொன்னா. அப்பதான் தெரியும், நாலு வருஷமா அவ ஒரு சர்ச் கோரஸ்ல பாடிட்டு இருக்கா. முருகன் படம் மாட்டின வீட்டுப் பொண்ணு. ஜெர்மன் உச்சரிப்பு வரணும்னு கூட வேலை பார்க்கிற நர்ஸ் இழுத்துட்டுப் போயிருக்கா, அப்படியே ஒட்டிக்கிட்டா. நீ எந்த மதம்னு அங்க யாரும் கேட்கலையாம். "குரல் எந்த வரிசை, அதை மட்டும்தான்டா கேட்டாங்க. ஆல்டோ."

எனக்கு இந்த இசை பத்தித் தெரிஞ்சதெல்லாம் ஒரே ஒரு கேசட். இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணின ஆல்பம். அப்பா அரசு பஸ் டிரைவர், ராஜா பேர் போட்டிருந்தா எதையும் வாங்கிடுவார். பாட்டே இல்லை, வெறும் வயலின்தான்னு தெரிஞ்சதும் ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். ஆனா போட்டுக்கிட்டேதான் இருந்தார். பாக்ங்கிற பேரை நாங்க முதல்ல படிச்சது அந்த அட்டையிலதான்.

அந்த யோஹான் செபாஸ்டியன் பாக் 1723-ல இருந்து 1750-ல சாகுற வரைக்கும் வேலை பார்த்த ஊர் லைப்சிக். ஆறு லட்சம் பேர் இருக்கற நகரம். அங்க தாமஸ் சர்ச்ல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயந்திரம் 6 மணிக்கும் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கும் 'மோட்டெட்'ன்னு ஒரு நிகழ்ச்சி. பாதி கச்சேரி, பாதி வழிபாடு. டிக்கெட்டுன்னு எதுவும் இல்லை, நிகழ்ச்சி நிரல் தாளுக்கு மட்டும் வாசல்ல சில யூரோ. பாடுறது தாமஸ் சர்ச்சோட பையன்கள் கோரஸ், 1212-ல ஆரம்பிச்சது. ஒன்பது வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும், கிட்டத்தட்ட நூறு பேர், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறாங்க.

நாங்க முக்கால் மணி நேரம் முன்னாடியே போய் வரிசையில நின்னோம். உள்ள உட்கார்ந்த அப்புறம்தான் ஒரு விஷயம் புரிஞ்சுது. பாடுறவங்களைப் பார்க்கவே முடியாது. நம்ம முகம் ஆல்டர் பக்கம், அவங்க நமக்குப் பின்னாடி மேற்கு மாடியில. சபாவுல முன் வரிசை சீட்டுக்கு அடிச்சுக்கிற ஊர்ல இருந்து வந்தவனுக்கு இது விசித்திரமா இருந்துச்சு. யார் பாடுறாங்க, எவன் நல்லா பாடுறான், எவன் கொட்டாவி விடுறான்னு எதுவும் தெரியாது. முதுகுக்குப் பின்னாடி இருந்து குரல் வருது, அவ்வளவுதான். முதல் ரெண்டு நிமிஷம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா தொடையில கிள்ளினா.

அன்னைக்கு பாடினதுல ஒண்ணு பாக்கோட 'டெர் கைஸ்ட் ஹில்ஃப்ட்'. 1729 அக்டோபர்ல பள்ளியோட தலைமை ஆசிரியர் ஏர்னெஸ்டி இறந்தப்போ அவர் இறுதிச் சடங்குக்காக எழுதினது. எட்டுக் குரல், ரெண்டு கோரஸா பிரிஞ்சு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் வாங்கிப் பாடுவாங்க. நடுவுல பெருமூச்சு பத்தி வர்ற இடத்துல மெட்டே மூச்சு வாங்குற மாதிரி நின்னு நின்னு வருது. ஒரு பாட்டு முடிஞ்சா கைதட்டல் இல்லை. அமைதி. அப்புறம் பைபிள் வாசிப்பு, எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு, ஜெபம், திரும்ப கோரஸ். மொத்தம் ஒரு மணி நேரம் சொச்சம்.

எனக்குப் பிடிச்சுப் போனது அந்த இசையோட உன்னதம் மட்டும் இல்லை. உண்மையைச் சொல்றேன், முதல் நாள் பாதி எனக்குப் புரியவும் இல்லை. அது டூட்டி மாதிரி நடக்குதே, அதுதான். வெள்ளி, சனி. மழையோ பனியோ. போஸ்டர் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லவே இல்லை.

பாக்கும் அப்படித்தான் இருந்திருக்கார். நாம ஏதோ தெய்வீக மேதை, கண்ணை மூடினா இசை வரும்னு நினைச்சுக்கிறோம். மனுஷன் நகரசபை ஊழியர். நாலு சர்ச்சுக்குப் பாட ஆள் அனுப்பணும், பள்ளியில பாடம் எடுக்கணும். வந்த முதல் சில வருஷம் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஞாயித்துக்கிழமைக்கும் இருபது நிமிஷக் கான்டாட்டா ஒண்ணு தயார் பண்ணி, நகல் எடுத்து, ஒத்திகை பார்த்துப் பாட வைக்கணும்.

1730 ஆகஸ்ட்ல அவர் நகரசபைக்கு எழுதின ஒரு மனு இருக்கு. அக்கா போன்ல மொழிபெயர்ப்பு காட்டினா. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்படியே நம்ம ஊர் ஆஸ்பத்திரியில இருந்து மேல போற ஆள் பற்றாக்குறைக் கடிதம். ஒரு கோரஸுக்குக் குறைஞ்சது 12 பேர் வேணும், 16 இருந்தா நல்லது. வாத்தியத்துக்கு 18-ல இருந்து 20 பேர் வேணும், சம்பளத்துல இருக்கறது 8 பேர். அவங்க திறமை பத்தி நான் வாயைத் திறக்காம இருக்கறதே நாகரிகம்னு வேற ஒரு குத்து. கடைசியில பையன்கள் கணக்கு: தேறுவாங்க 17, இன்னும் தேறல 20, எதுக்கும் ஆகாது 17. சாங்ஷன்டு எத்தனை, வேகன்ட் எத்தனைன்னு மாசாமாசம் ஃபார்ம் நிரப்புறவங்களுக்கு அந்த மனுவோட வலி புரியும்.

அதே வருஷம் அக்டோபர்ல பால்ய நண்பர் எர்ட்மானுக்கு ஒரு கடிதம் எழுதுறார். வேற ஊர்ல வேலை இருந்தா சொல்லுன்னு. அதுல வருமானக் கணக்கு வருது. இறுதிச் சடங்குகள்ல பாடுறதுக்குக் கிடைக்கிற கட்டணம் அவருக்கு முக்கிய வரும்படி. போன வருஷம் ஊர்ல காத்து நல்லா இருந்துடுச்சு, சாவு குறைஞ்சு போச்சு, அதனால 100 தாலருக்கு மேல நஷ்டம்னு எழுதுறார். 1729. அந்த மோட்டெட் எழுதின அதே வருஷம். சாவு குறைஞ்சதுக்கு வருத்தப்பட்ட ஒருத்தர் எழுதின சாவுப் பாட்டைத்தான் அன்னைக்குக் கண்ணு கலங்கக் கேட்டிருக்கேன். எனக்கு அவர் மேல மரியாதை கூடினதே தவிர குறையல.

மருத்துவர்களுக்கு அந்த சர்ச்ல இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. பாக் கடைசியில கண் தெரியாமப் போனார். 1750 மார்ச் கடைசியில ஜான் டெய்லர்னு ஊர் ஊரா போற ஒரு ஆங்கிலேயக் கண் டாக்டர் ஆபரேஷன் பண்ணினார். கண்புரையை ஊசியால கீழ தள்ளிவிடுற பழைய முறை. சில நாள்லயே ரெண்டாவது தடவையும் பண்ணினார். பார்வை வரல, உடம்பு படுத்துடுச்சு, ஜூலை 28 இறந்துட்டார். கிருமியாலதான் காயம் சீழ் பிடிக்குதுன்னு மருத்துவத்துக்குத் தெரியாத காலம், ஆன்டிபயாட்டிக் கிடையாது. ஊசி கண்ணுக்குள்ள என்ன கொண்டு போயிருக்கும்னு நினைச்சாலே உடம்பு கூசுது. அதே டெய்லர் பின்னாடி ஹாண்டலுக்கும் சிகிச்சை பண்ணியிருக்கார். அவருக்கும் பார்வை திரும்பல.

ரெண்டாவது, பாக்கைப் புதைச்ச இடத்துல கல்வெட்டு எதுவும் இல்லை. 1894-ல ஒரு பழைய சர்ச் பக்கத்துல தோண்டி, ஓக் மரப் பெட்டியில இருந்த ஒரு வயசான மனுஷனோட எலும்பை அளந்து, இது பாக்தான்னு சொன்னவர் லைப்சிக் அனாடமி பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ். பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? அவர் பையன் பேரும் வில்ஹெல்ம் ஹிஸ்தான். அதுக்கு முந்தின வருஷம், 1893-ல, அதே லைப்சிக்ல இதயத்துக்குள்ள மின்துடிப்பு கடக்கிற பாதையைக் கண்டுபிடிச்சவர். முதல் வருஷம் மனப்பாடம் பண்ணின 'பண்டில் ஆஃப் ஹிஸ்' அவர்தான். பாக்கோட எலும்பு 1950-ல இருந்து தாமஸ் சர்ச் ஆல்டர் முன்னாடி வெண்கலப் பலகைக்குக் கீழ இருக்கு. அது அவர் எலும்புதானான்னு இன்னைக்கும் சந்தேகப்படுறவங்க உண்டு. நான் போய் நின்னுட்டுதான் வந்தேன்.

நிக்கோலாய் சர்ச்லயும் ஒரு ஆர்கன் கச்சேரி கேட்டோம். அந்த சர்ச் தூண்கள் எல்லாம் பனை மரம் மாதிரி செதுக்கி, உச்சியில பச்சை ஓலை விரிச்சிருக்கும். பனங்காட்டுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. 1862-ல லாடெகாஸ்ட் கட்டின ஆர்கன், இப்ப 6,000-க்கு மேல குழாய். பெரிய ஆர்கன்கள்ல 32 அடிக் குழாய் வரைக்கும் இருக்கும். அதுல வர்ற கடைசி ஸ்வரத்துக்கு நொடிக்கு 16 அதிர்வுதான். காது கேட்குறதைவிட பெஞ்சு கேட்குது, நெஞ்சுக்கூடு கேட்குது. 1989 அக்டோபர் 9 அன்னைக்கு இந்த சர்ச் ஜெபம் முடிஞ்சு வெளிய வந்தவங்களோட 70,000 பேர் வரைக்கும் சேர்ந்து ஊர்வலம் போய்தான் கிழக்கு ஜெர்மன் அரசு ஆட்டம் கண்டது. சுடப் போறாங்கன்னு நினைச்சு ஊர் ஆஸ்பத்திரிகள்ல ரத்தமும் படுக்கையும் தயாரா வெச்சிருந்தாங்க. சுடல. அன்னைக்கு நைட் டூட்டியில இருந்தவங்களைத்தான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ரத்தப் பையெல்லாம் எடுத்து அடுக்கி வெச்சுட்டு, வாசலையே பார்த்துக்கிட்டு, யாருமே வரலைன்னா எப்படி இருந்திருக்கும்!

நடுவுல புதன்கிழமை லீவு. மனந்திரும்புற நாள்னு ஒண்ணு, ஜெர்மனியிலயே சாக்ஸனி மாநிலத்துல மட்டும்தான் இன்னும் அரசு விடுமுறை. அன்னைக்கு ஒரு சின்ன சர்ச்ல நாலு பேர் வயலினும் செல்லோவும் வாசிச்சாங்க. அறுபது பேர் கூட இல்லை. ஹீட்டர் வேலை செய்யல, எல்லாரும் கோட்டோட உட்கார்ந்திருந்தோம். வாசிச்சவங்க கையில விரல் வெட்டின உறை.

மெண்டல்ஸனோட எஃப் மைனர் குவார்ட்டெட். இந்த ஊருக்கு அவர் செஞ்சது கொஞ்சநஞ்சம் இல்லை. 1840 ஆகஸ்ட்ல தாமஸ் சர்ச்ல தனியா உட்கார்ந்து முழுக்க பாக் வாசிச்சு, அந்தக் காசுல பாக்குக்குச் சிலை வெச்சவர். அவருக்கு ஃபானின்னு ஒரு அக்கா. அவளும் இசையமைப்பாளர், தம்பி எழுதுறது எல்லாத்தையும் முதல்ல பார்க்கிறது அவதான். 1847 மே 14 பெர்லின்ல ஒத்திகை நடத்திட்டு இருந்தப்பவே ஸ்ட்ரோக். அன்னைக்கே போயிட்டா. தம்பி அப்ப வேற ஊர்ல. அந்தக் கோடையில எழுதினதுதான் இந்த குவார்ட்டெட். நவம்பர் 4 லைப்சிக்ல அவரும் ஸ்ட்ரோக்ல இறந்துட்டார். 38 வயசு. ரெண்டு பேருக்கும் ஆறு மாசம் கூட இடைவெளி இல்லை. பெத்தவங்களுக்கும் தாத்தாவுக்கும் கூட இப்படித்தான் திடீர்னு வந்ததா படிச்சிருக்கேன். இன்னைக்கா இருந்தா முதல்ல பி.பி. பார்த்திருப்போம், அப்புறம் தலைக்கு ஸ்கேன்.

மத்த மெண்டல்ஸன் எல்லாம் இனிமையா இருக்கும். இது அப்படி இல்லை. ஆரம்பமே நடுக்கம். ஒருத்தர் பதறிப் போய் வீட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் ஓடுற மாதிரி இருக்கு. மூணாவது பாகத்துல மட்டும் உட்கார்ந்து அழுவுது. அக்கா பக்கத்துல கையைக் கோட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு முன்னாடியே பார்த்துட்டு இருந்தா. நானும் முன்னாடியேதான் பார்த்துட்டு இருந்தேன்.

வியாழக்கிழமை அவ கோரஸ் ஒத்திகை. வர்ற ஞாயித்துக்கிழமை இறந்தவங்களை நினைக்கிற ஞாயிறு. லூத்தரன் சர்ச்ல அட்வென்ட்டுக்கு முந்தின ஞாயிறு அதுக்குன்னே உள்ளது, நம்ம மகாளய அமாவாசை மாதிரின்னு வெச்சுக்கலாம். அன்னைக்கு அவங்க பிராம்ஸோட ஜெர்மன் ரெக்வியம் பாடுறாங்க. பள்ளி ஆசிரியர், டிராம் ஓட்டுறவர், ரிட்டயர்டு பல் டாக்டர், காலேஜ் பசங்கன்னு ஒரு அறுபது பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. நடத்துறவருக்கு மட்டும் சர்ச்ல முழுநேர வேலை, கான்டோர்னு பேரு. பாக் பார்த்த அதே உத்தியோகம்.

இடைவேளையில அவர் என்னை ஆர்கன் பார்க்க மாடிக்குக் கூட்டிட்டுப் போனார். சின்ன ஆர்கன்தான். பின்னாடி ஒரு மரக்கதவைத் திறந்தா துருத்தி. ஒரு காலத்துல ஆள் நின்னு மிதிப்பாங்களாம், இப்ப மோட்டார். ஆர்கன்னா வேற ஒண்ணும் இல்லை, பிரம்மாண்டமான நுரையீரல். வாசிக்கிறவர் விரல் வால்வைத் திறக்குது, காத்து குழாய்க்குள்ள போகுது. மனுஷன் மூச்சு மாதிரி ஏறி இறங்காது, ஒரே அழுத்தத்துல நிக்கும். அதுக்காகவே துருத்தி மேல செங்கல் மாதிரி எடை ஏத்தி வெச்சிருக்காங்க.

எவ்வளவு அழுத்தம்னு கேட்டேன். தொழில் புத்தி. அவர் ஜெர்மன்ல சொன்னார், அக்கா மொழிபெயர்த்தா. "எண்பது மில்லிமீட்டர் தண்ணி."

சொல்லிட்டு அவளே நின்னுட்டா. நானும் நின்னுட்டேன். வென்டிலேட்டர்ல வேலை பார்க்கிற யாருக்கும் இது உடனே கணக்கு ஆயிடும். நாங்களும் தண்ணி கணக்குலதான் அளக்குறோம், மில்லிமீட்டருக்குப் பதிலா சென்டிமீட்டர். எட்டு சென்டிமீட்டர். மூச்சை வெளிய விட்ட அப்புறமும் நுரையீரல் சுருங்கிப் போகாம இருக்க மெஷின் தாங்கிப் பிடிக்கிற அழுத்தம், அதுக்கு சாதாரணமா வைக்கிற நம்பர். 2021-ல எட்டு வெச்சு, பத்து வெச்சு, பன்னெண்டு வெச்சு எத்தனை பேரைப் பார்த்தோம். அவ அங்க, நான் இங்க.

கான்டோர் மோட்டாரை நிறுத்திக் காட்டினார். ஒரு குழாயை வாசிச்சுக்கிட்டே நிறுத்தினார். சத்தம் டக்குன்னு நிக்கல. மெல்ல ஸ்ருதி இறங்கி, கமறி, காத்தாப் போய் நின்னுச்சு. துருத்தி மேல இருந்த எடை கீழ இறங்குறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. அவர் சின்னப் பையன் மாதிரி சிரிச்சார், வர்றவங்களுக்கு எல்லாம் இதைக் காட்டுவார் போல. நான் தண்ணி குடிக்கணும்னு சொல்லிட்டுக் கீழ வந்துட்டேன்.

இப்ப நான் சொல்லாம விட்டதைச் சொல்றேன்.

அப்பாவுக்குக் குழாய் போடுறதுக்கு முன்னாடி, அன்னைக்குக் காலைல பதினொன்னரை மணி இருக்கும், மாஸ்க்கைத் தூக்கிட்டு "உங்க அக்காவைக் கூப்பிடு"ன்னார். நான் பி.பி.இ. போட்டிருந்தேன். போன் உள்ள, சட்டைப் பாக்கெட்ல. எடுக்கணும்னா வெளிய போய் எல்லாத்தையும் கழட்டணும். அந்த ஹால்ல இன்னும் நாப்பது பேர் இருந்தாங்க. "சாயந்திரம் டூட்டி முடிஞ்சதும் போடுறேன்ப்பா"ன்னேன். சரின்னு தலையாட்டினார். ரெண்டு மணிக்கு சாச்சுரேஷன் விழுந்துச்சு. குழாய் போட்டோம். அப்புறம் அவர் பேசல. நாலு நாள். அக்காகிட்ட, "நல்லா தூங்குறார், வலி இல்லை"ன்னு சொன்னேன். அது பொய் இல்லை.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி. சர்ச் நிறைஞ்சிருந்துச்சு. ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசு இல்லாததால நாலு கை பியானோவும் டிரம்மும் மட்டும். பிராம்ஸே அப்படி ஒரு வடிவம் எழுதி வெச்சிருக்கார். 1871-ல லண்டன்ல முதல் தடவை இதைப் பாடினது ஒரு சர்ஜன் வீட்டு ஹால்ல, இதே பியானோ வடிவத்துல. சர் ஹென்றி தாம்சன், சிறுநீர்ப்பைக் கல் எடுக்கறதுல பேர் போனவர். அவர் மனைவிதான் பியானோ வாசிச்சவங்கள்ல ஒருத்தர்.

இந்த ரெக்வியத்துல ஒரு விசேஷம் உண்டு. வழக்கமான ரெக்வியம் இறந்தவங்க ஆன்மாவுக்காக வேண்டும். இது இருக்கறவங்ககிட்டப் பேசுது. துக்கப்படுறவங்க பத்தி ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம் தாண்டிக் கடைசிப் பாகத்துலதான் இறந்தவங்ககிட்ட வருது. பைபிள்ல இருந்து வரிகளை பிராம்ஸே பொறுக்கிக் கோர்த்தார். ஜெர்மன்ங்கிற பேருக்குப் பதிலா மனுஷங்கன்னே வெச்சுக்கலாம்னு ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். 1865 பிப்ரவரியில அவர் அம்மாவுக்கு ஹாம்பர்க்ல ஸ்ட்ரோக். தம்பி தந்தி அடிச்சார். பிராம்ஸ் வியன்னாவுல இருந்து ஓடி வந்தார், வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த வேலையில தீவிரமா இறங்கினார். 1868-ல ப்ரெமன் கதீட்ரல்ல பாடினப்போ ஆறு பாகம். அதுக்கப்புறம் இன்னொண்ணு சேர்த்தார், ஒரே ஒரு பெண் குரல், அம்மா தேத்துறது பத்தி. ஏழு பாகமும் சேர்ந்து முதல்ல ஒலிச்சது 1869 பிப்ரவரி 18, இந்த லைப்சிக்லதான்.

ரெண்டாவது பாகம் மெதுவான நடை. டிரம் ஒரே இடத்துல அடிச்சுக்கிட்டே இருக்கும், தூரத்துல தப்புச் சத்தம் கேட்குற மாதிரி. கோரஸ் முதல்ல அடிக்குரல்ல எல்லாரும் ஒரே மெட்டு பாடும். அதே மெட்டு பிறகு முழுச் சத்தத்துல திரும்ப வரும். இந்தத் தடவை பாடுறவங்க முன்னாடி இருந்தாங்க, முகம் தெரிஞ்சுது. அக்கா ரெண்டாவது வரிசையில, கறுப்பு டிரஸ்ல, கண்ணாடி போட்டுக்கிட்டு, கான்டோர் கையையே பார்த்துட்டு இருந்தா. சின்ன வயசுல கூட அவ பாடி நான் பார்த்ததில்லை.

கடைசிப் பாகத்துக்கு முன்னாடி பாஸ்டர் எழுந்து அந்த வருஷம் இறந்த சபைக்காரங்க பேரை வாசிச்சார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மெழுகுவத்தி. அது முடிஞ்சதும், வேற யாரையாவது நினைக்க விரும்புறவங்க முன்னாடி வந்து பேர் சொல்லி ஏத்தலாம்னார். கொஞ்ச நேரம் யாரும் அசையல. அப்புறம் ஒரு கிழவி போனாங்க. ஒரு இளைஞன் போனான். அப்புறம் ஆல்டோ வரிசையில இருந்து அக்கா இறங்கி வந்தா.

அப்பா பேரைச் சொன்னா. முழுசா, இனிஷியலோட, ரேஷன் கார்டுல இருக்கற மாதிரி. மைக்ல. அந்தக் கூட்டத்துக்கு அதுல ஒரு எழுத்தும் புரிஞ்சிருக்காது. பேர்ல வர்ற ழகரத்தைக் கொஞ்சம் அழுத்தினா. வத்தியை ஏத்திட்டுத் திரும்பிப் போய் அவ இடத்துல நின்னு, ஃபைலைத் திறந்து, கடைசிப் பாகத்தைப் பாடினா. அவ குரல் எதுன்னு எனக்குத் தனியாக் கேட்கல.

வெளிய மழை. டிராம்ல கூட்டம் இல்லை. அவ ஃபைலை மடியில வெச்சு, ஓரத்துல பட்ட ஈரத்தைத் துப்பட்டாவால துடைச்சுக்கிட்டு இருந்தா. நான் சொல்லிட்டேன். பதினொன்னரை மணி, பி.பி.இ., சாயந்திரம் போடுறேன்னு சொன்னது, எல்லாம். ஜன்னலைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன்.

ரெண்டு ஸ்டாப் அவ ஒண்ணும் சொல்லல.

"பதினொன்னரைன்னா இங்க காலைல எட்டு மணி"ன்னா. "அன்னைக்கு எனக்கு காலை ஷிஃப்ட். போன் லாக்கர்ல இருந்திருக்கும். நீ கூப்பிட்டிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்டா."

அது நிஜமாவே அவளுக்கு ஞாபகம் இருக்கா, இல்லை எனக்காகச் சொன்னாளான்னு தெரியல. நோயாளிகளோட சொந்தக்காரங்ககிட்ட இந்த மாதிரி வாக்கியங்களை நாங்க ரெண்டு பேருமே நிறைய சொல்லியிருக்கோம். நான் கேட்கல.

கொஞ்சம் கழிச்சு, "வேற என்ன சொன்னார்?"னு கேட்டா.

"தலையணை உசரமா இருக்குன்னார்."

"எப்பவுமே சொல்லுவாரே"ன்னா. அதுக்குள்ள ஸ்டாப் வந்துடுச்சு. வீட்டுக்குப் போய் ரசம் வெச்சா.